உள்ளே இருந்தோர் எண்ணிக்கை

சுவரில் விழுந்த விரிசல் அகலமாகலாம். இல்லையென்றால் அப்படியே நிற்கலாம். தானாகச் சுருங்காது. பழங்கட்டடப் பாதுகாப்பு ஆணையத்தில் ஆய்வாளராகச் சேர்ந்து பதினெட்டு வருடத்தில், யாரும் கை வைக்காமல் ஒரு விரிசல் ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கி அவள் பார்த்ததில்லை. மருந்துக்கடை வீட்டின் மாடிப் படுக்கையறையில், கூரையிலிருந்து தரை வரை இறங்கியிருந்த விரிசல் இன்று இரண்டு மில்லிமீட்டர் காட்டியது. போன மாதம் ஆறு. அதற்கு முந்தின மாதம் நான்கு. முதல் நாள் பத்து.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டுதான்.

விரிசலை அளக்கும் கருவி மிக எளிமையானது. கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்திருக்கும். ஒன்றை விரிசலின் இடது பக்கத்தில் ஒட்ட வேண்டும், மற்றதை வலது பக்கத்தில். அடித்தகட்டில் கட்டம் கட்டமாக மில்லிமீட்டர் கோடுகள், மேல்தகட்டில் ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு. சுவர் நகர்ந்தால் சிவப்புக்கோடு கட்டத்தின்மேல் நகரும். பேட்டரி இல்லை, முள் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆகவே தப்பு காட்டவும் அதற்குத் தெரியாது. தப்பு நடந்தால் அது மனிதர்கள் செய்ததாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் அவள் நினைத்தாள். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். மரச்சட்டம் என்று சொல்லி மரநிற வர்ணம் அடித்த இரும்பைப் பொருத்துபவர்களையும், இரவோடு இரவாகத் தளத்தை மாற்றிவிட்டு "தாத்தா காலத்துலேர்ந்தே இதுதான்" என்று கூசாமல் சொல்பவர்களையும் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

எஃகுத் தகட்டை எடுத்து விரிசலுக்குள் செருகினாள். காகிதத்தைவிட மெல்லிய தகடு. உள்ளே சாந்து பூசியிருந்தால் தடுக்கும். தடுக்கவில்லை. பாதி வரை வழுக்கிக்கொண்டு போனது. எடுத்தபோது ஒரு வாசனை கூடவே வந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை இல்லை. வெகுநாள் தலை வாராமல் கிடந்த சீப்பின் வாசனை, எண்ணெயும் வியர்வையும் கலந்து வெதுவெதுப்பாக.

"முடிதான் மேடம்," என்றாள் பின்னால் நின்றிருந்த மருந்துக்கடைக்காரரின் மனைவி. "பாப்பா முடி. கீழ பாருங்க."

தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், விரிசலிலிருந்து கறுப்பாக ஒரு கற்றை தொங்கியது. நுனி கத்தரியால் வெட்டப்பட்டு நேராக இருந்தது.

"எப்ப?"

"போன வாரம். கட்டில இழுத்து நடுவுல போட்டாலும் இவ எழுந்து வந்து சுவர ஒட்டித்தான் படுப்பா. காலைல பாத்தா தலைய தூக்க முடியல. கவ்விப் பிடிச்சிருந்துச்சு. கத்தரிச்சுத்தான் எடுத்தோம்." குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு ஒரு சாண் தொங்குச்சு மேடம். இப்ப விரல் நீளம்கூட இல்ல."

அவள் அந்தக் கற்றையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பசை வைத்து ஒட்டியிருக்கலாம். பழைய பூச்சில் முடி கிடப்பதும் அதிசயமில்லை. சுண்ணாம்புச் சாந்து உதிராமல் பிடித்து நிற்க அந்தக் காலத்தில் ஆட்டு முடி கலப்பார்கள். எதற்கும் காரணம் உண்டு. இவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது.

பட்டியலில் ஏறிவிட்ட வீட்டை இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, பூட்டிப் போடவும் கூடாது. ஆள் இல்லாத பழைய வீடு மூன்று மழைக்குத் தாங்காது. ஒழுகும், கரையான் ஏறும், ஒருநாள் தானாகவே உட்கார்ந்துவிடும். அதனால்தான் உரிமையாளர் குடியிருந்தே ஆக வேண்டும் என்பது ஆணையத்தின் நிபந்தனை. கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்ட மருந்துக்கடைக்காரர், வீட்டையும் விட்டுப் போக அனுமதி கேட்டு ஏழு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். அனுமதி கிடைக்க ஒரே வழி, சுவர் ஆபத்தானது என்று ஆய்வாளர் எழுதுவது; எழுதினால் வீட்டை இடிக்கவும் விடுவார்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. விரிசல் பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தொட வேண்டும்.

ஆக, இந்தக் குடும்பத்துக்கு விரிசல் விரிய வேண்டும். யாருக்குமே அது சுருங்கத் தேவையில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

படியிறங்கும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரரின் அக்கா கூப்பிட்டாள். காது மந்தம்; தனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசுவாள், அதாவது தெருவுக்கே கேட்கும்.

"ஏம்மா அளவுக்காரம்மா! சுவத்துக்கு என்ன வியாதியாம்?"

"பாத்துக்கிட்டு இருக்கேம்மா."

"நீ ஏழு மாசமா பாத்துக்கிட்டேதான் இருக்க. டாக்டரா இருந்திருந்தா நோயாளி போய்ச் சேந்திருப்பான்." தானே சிரித்தாள். "எங்க வீட்ல எல்லாரும் சேந்து ஒருநாளும் வெளிய போனதில்ல, தெரியுமா? இவன் கல்யாணத்துக்குக் கிளம்புற அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். எங்க அம்மா சாவுக்கு எல்லாரும் போனாங்க, எங்க சித்தப்பா கால் ஒடிஞ்சு உள்ளயே கிடந்தாரு. யாராவது ஒருத்தர் தங்கிடுவோம்."

"அக்கா, சும்மா இரு," என்றார் மருந்துக்கடைக்காரர். வேகமாகச் சொன்னார். சிரிக்கவில்லை.

அந்த வேகத்தை அவள் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் ஏழு மாதப் படிவங்களையும் மேசையில் பரப்பினாள். எதிரே கோப்பு உட்கார்ந்திருந்தார். ஆணையத்தின் எழுத்தர், கையில் வந்த கோப்பைக் கடைசிவரை விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர், அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

"வியாழக்கிழமை மருந்துக்கடை வீட்டு விசாரணை," என்றார் கோப்பு. "தலைவர் உங்க அளவ பாத்துட்டு என்ன கேட்டார் தெரியுமா? 'அந்தம்மா சுவர அளக்குறாங்களா, இல்ல மனசுல தோணுறத எழுதுறாங்களா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? ரெண்டுக்கும் ஒரே படிவம்தான்னேன்."

அவள் சிரிக்கவில்லை. பொய் அளவு எழுதியவள் என்று பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வெப்பத்தை ஒப்பிட்டாள்; கோடையில் செங்கல் விரியும், விரிசல் சற்று மூடும், ஆனால் அரை மில்லிமீட்டர்தான். மழையை ஒப்பிட்டாள். தெருவில் லாரி போகும் நேரத்தை ஒப்பிட்டாள். எதுவும் பொருந்தவில்லை. பத்து, இரண்டு, நான்கு, எட்டு, நான்கு, ஆறு, இரண்டு. எல்லாம் இரட்டைப்படை. சுவர் அப்படி முழு எண்களில் நகராது. அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"இதையும் ஏன்தான் நிரப்புறீங்களோ," என்று கோப்பு ஒரு படிவத்தைத் தட்டினார். "யாரும் படிக்கிறதில்ல."

படிவத்தின் ஐந்தாவது கட்டம். 'அளவெடுத்தபோது கட்டடத்தின் உள்ளே இருந்தோர் எண்ணிக்கை.' சுவர் சரிந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிவதற்காக யாரோ எப்போதோ சேர்த்தது. பழக்க தோஷத்தில் அவள் ஒவ்வொரு மாதமும் எண்ணிப் போட்டிருந்தாள்.

பூஜ்யம், நான்கு, மூன்று, ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு.

பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினாள். யாரும் இல்லாதபோது பத்து. ஒருவர் இருந்தால் எட்டு. இருவருக்கு ஆறு. மூவருக்கு நான்கு. நால்வருக்கு இரண்டு.

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கோப்பு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த விரிசலின் வாசனை நினைவுக்கு வந்தது.

எடை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆட்கள் நடமாடினால் மரத்தளம் தாழும், உத்தரம் சுவரை உள்ளே இழுக்கும், விரிசல் மூடும். காரணம் இருந்தது. சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

புதன்கிழமை சாயங்காலம், விளக்குப் போடலாமா வேண்டாமா என்ற நேரத்தில் அந்த வீட்டுக்குப் போனாள். ஒட்டியிருந்த பக்கத்து வீட்டில் தையற்கூடம். பத்துப் பன்னிரண்டு பெண்களின் இயந்திரங்கள் ஓடும் சத்தம் மழைபோல இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார். தட்டுவதற்கு முன்பே.

"நாலு பேரும் ஒவ்வொருத்தரா வெளிய போங்க," என்றாள். "நான் சொல்லும்போது அடுத்தவர்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மாடியில் தகட்டின் முன் உட்கார்ந்தாள். இரண்டு. கீழே வாசல் தாண்டும் மனைவியின் காலடி கேட்டது. சிவப்புக்கோடு நகர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். மெதுவாக, பிடித்திருந்த விரல் ஒன்றைத் தளர்த்துவதுபோல. நான்கு.

"பாப்பாவ அனுப்புங்க!"

ஐந்து வயதுக் குழந்தை. பதினாறு கிலோ இருக்கலாம். தளம் தாழ்வதற்கு அந்த எடை எந்த மூலைக்குப் போதும்? வாசலில் சின்னச் செருப்பின் சத்தம்.

ஆறு.

அக்கா போனாள்: எட்டு. எண்பது கிலோவுக்குக் குறையாத மருந்துக்கடைக்காரர் போனார்: பத்து. ஆளுக்கு இரண்டு. பெரியவருக்கும் இரண்டு, குழந்தைக்கும் இரண்டு. சுவர் எடை பார்க்கவில்லை. தலையை எண்ணியது.

வீடு அமைதியாக இருந்தது. பக்கத்துத் தையல் சத்தம் சுவர் வழியாக மெல்லியதாகக் கசிந்தது. தொங்கிக்கொண்டிருந்த முடிக்கற்றையைத் தேடினாள். இல்லை. உள்ளே போய்விட்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. குடும்பம் மொத்தமும் வாசலில் காத்திருக்க, ஐந்தாவது கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிய அந்த முதல் நாளில் இந்த அறையில் ஓர் ஆள் இருந்தார். அளவெடுப்பவர் தன்னை எண்ணிக்கொள்வதில்லை. எந்த ஆய்வாளரும் எண்ணிக்கொண்டதில்லை. பத்து என்பது காலி வீட்டின் அளவே அல்ல. அவளோடு சேர்ந்த அளவு. காலியாக இந்த வீட்டை யாரும் பார்த்ததேயில்லை.

அவளும் போய்விட்டால்?

பன்னிரண்டு. கணக்குத் தெளிவாக இருந்தது. ஆபத்தின் எல்லை. அனுமதி. அந்தக் குழந்தை இனி இந்தச் சுவரருகே படுக்க வேண்டாம். தலைவர் முன்னால் நிரூபணம் வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசியைத் தகட்டுக்கு எதிரே நிறுத்தி, மருந்துக்கடைக்காரரின் கைப்பேசிக்குக் காணொளி அழைப்புப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். இறங்கும்போது கைப்பிடியைத் தொடவில்லை. தொட வேண்டாம் என்று தோன்றியது.

வாசலுக்கு வெளியே மருந்துக்கடைக்காரர் திரையை அவள் பக்கம் நீட்டினார். பத்து. வலது காலை வெளியே வைத்தாள். பத்து. இடது காலை எடுத்தாள்.

பன்னிரண்டு.

"மேடம்!" மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பன்னெண்டு மேடம்!"

பதினான்கு.

பதினேழு.

தகடு தெறித்து விழுந்தது. திரையில் விரிசல் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்தது. உள்ளே செங்கல் இல்லை. முடி. கறுப்பு, நரை, செம்பட்டை, பின்னலாக, சிக்காக, நூறு வருடத்துத் தலைகளின் முடி. எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்டதுபோல் படிந்து, மெல்ல அசைந்தது.

மேலே பார்த்தாள். கைப்பிடிச் சுவர் தையற்கூடத்தின் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு செங்கல் விழுந்தது. உள்ளே இயந்திரங்கள் நிற்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது.

யோசிக்கவில்லை. வாசலுக்குள் ஓடினாள்.

நின்றது.

தூசி மட்டும் இறங்கியது. தையல் சத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது. வீட்டின் உள்ளேயிருந்து, எல்லாப் பக்கமிருந்தும், பெருமூச்சு விட்டாற்போல் ஒரு சத்தம். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இழுத்தாள். நிலை கதவை இறுக்கியிருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு. அது மெலிந்தது. நூலானது. போய்விட்டது.

ஜன்னல் கம்பிக்கு வந்தாள்.

"சார்! நீங்க யாராவது ஒருத்தர் உள்ள வாங்க. நான் வெளிய வந்துடறேன். அப்புறம் ஒரு வழி பண்ணலாம்."

மருந்துக்கடைக்காரர் குழந்தையைப் பார்த்தார். ஒரு எட்டு எடுத்து வைத்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நின்றார்.

அப்போதுதான் பைகளைப் பார்த்தாள். எதிர் நடைபாதையில் நான்கு பைகள். கட்டி, பூட்டி, வரிசையாக. அவை எப்போது வந்தன? குழந்தை தலையில் குல்லாய், காலில் செருப்பு, கையில் தலையணை. தெருமுனையில் ஒரு சாமான் வண்டி திரும்பி, யாரும் கைகாட்டாமலே இந்த வீட்டின் எதிரே வந்து நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "சார், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். அக்காதான் கம்பியருகே வந்தாள். அந்த உரத்த குரல் இப்போது இல்லை.

"கட்டில் பக்கத்துல போர்வை வெச்சிருக்கேன்மா. ராத்திரி குளிரும்."

வண்டி போய்விட்டது.

மாடியில் கைப்பேசி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். எந்தச் சுவரும் பக்கத்தில் இல்லாத இடமாக. பிறகு பார்த்தாள், அப்படிப்பட்ட இடம் குறைந்துகொண்டிருந்தது. மேலே போனாள்.

விரிசல் இல்லை. கூரையிலிருந்து தரை வரை சுவர் வழவழப்பாக இருந்தது. நான்கு பேரைப் பிடித்ததைவிட இறுக்கமாக ஒருத்தியைப் பிடித்திருந்தது. கைப்பேசியை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?" கோப்புதான். "காலைல விசாரணை. தீர்ப்பு வரைவு டைப் பண்ணணும். இடிக்க விடலாமா, நிக்குமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இடிக்க வேண்டாம். பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

"அப்ப நிக்குமா?"

"நிக்கும்." முதுகில் சுவர் பட்டது. அவள் நகரவில்லை, அறையின் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. "எழுதிக்கோங்க."

"சொல்லுங்க, எழுதறேன்."

"சாந்து வேண்டாம், முட்டு வேண்டாம், எந்த வேலையும் வேண்டாம். வீட்டுக்குள்ள எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். ஒரு ஆள் இருந்தா போதும், சுவர் நிக்கும்."